பாதி மருமகன்

நுவாதிபு துறைமுகத்திலிருந்து காலை ரயில் உருளத் தொடங்கிய பிறகுதான் யெஸ்லெம் மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு காலிப் பெட்டியின் ஏணியைப் பிடித்தான். பாலைக்குள்ளிருந்து இரும்புத்தாதுவை ஏற்றிக்கொண்டு கடலுக்கு வருகிற ரயில் அது. திரும்பிப் போகும்போது வெறும் பெட்டிகளாகப் போகும். கூரை கிடையாது, இருக்கை கிடையாது, முக்கியமாக டிக்கெட் கிடையாது. ஓசி என்றால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? மாவு மூட்டை, ஆடு, அடுப்பு, நோயாளி, கல்யாணப் பெண் எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுவார்கள். யெஸ்லெம் முதலில் பையை உள்ளே எறிந்தான். பிறகு தண்ணீர்க் கேனை இறக்கினான். அப்புறம் தானும் குதித்தான். தாதுப்பொடியில் புரண்டு எழுந்து, முண்டாசைச் சரிசெய்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்மூலையில் கம்பளி விரித்து அவனுடைய மாமனார் சிதாத்தி உட்கார்ந்திருந்தார்.

யெஸ்லெம் வந்த வழியே ஏறி வெளியே ஒரு காலைப் போட்டுவிட்டான். ரயில் அதற்குள் வேகம் பிடித்திருந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. யாரோ அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்கள்.

"எங்கேடா போறே? சாகறதுன்னா வேற பெட்டியில ஏறிச் சாவு. என் மெத்தையெல்லாம் ரத்தமாயிடும்."

அப்படிச் சொன்னவள் மஹ்ஜூபா. ஸ்பெயின்காரர்களின் தீவிலிருந்து வருகிற பழைய மெத்தைகளை வாங்கிப் பாலைக்குள் கொண்டுபோய் விற்கிறவள். ஆள் நல்ல பருமன், குரல் அதைவிடப் பருமன். பெட்டியின் நடுவில் மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் ராணி மாதிரி சாய்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் மருமகன், அந்தப் பக்கம் மாமனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மாமனார் முன்னால் மருமகன் முகத்தைக் காட்டக் கூடாது. பேசக் கூடாது. தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, கொட்டாவிகூட விடக் கூடாது. மரியாதை தெரிந்த மாமனாரும் மருமகன் பார்க்க வாயைத் திறக்க மாட்டார். அவர் ஒரு வாசலில் நுழைந்தால் இவன் மறு வாசலில் ஓட வேண்டும். ஓட வாசலே இல்லாத இரும்புத் தொட்டிக்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்கள் முன்னோர் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் ரயில் இல்லை, தப்பித்துக்கொண்டார்கள்.

யெஸ்லெம் முண்டாசைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கினான். சிதாத்தியும் முண்டாசை ஏற்றிக்கொண்டு இரும்புச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் யெஸ்லெம் அவருடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறான். இன்றும் அதையேதான் பார்த்தான்.

"என்ன ரெண்டு பேரும் அசிங்கத்தை மிதிச்ச மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?" என்றாள் மஹ்ஜூபா. இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட கடவுளே! மாமனாரும் மருமகனுமா? சாயங்காலம்வரைக்கும் எனக்குப் பொழுது போயிடும்!"

அவளுக்குப் பொழுதுபோக்கு. யெஸ்லெமுக்கோ வாழ்க்கை. அவன் இந்த ரயிலில் ஏறியதே பெண்டாட்டியைத் திரும்பக் கூப்பிட்டு வரத்தான்.

அவன் நுவாதிபுவில் பேய்க்கணவாய் பிடிக்கிறவன். எட்டுக் காலும் வழுவழு உடம்புமாக இருக்குமே, அதேதான். கடலடியில் பானைகளை இறக்கினால் அந்த முட்டாள் பிராணி நல்ல வீடு கிடைத்தது என்று தானே உள்ளே போய் உட்காரும். எங்கள் நாட்டில் அதை ஒருவரும் தொட மாட்டார்கள். எல்லாம் கப்பலேறி ஜப்பானுக்குப் போகிறது. தொழில் நல்ல தொழில், நாற்றம்தான் போகாது. ஒருநாள் கடலிலிருந்து வந்து அப்படியே பாயில் விழுந்தவனைப் பார்த்து, அவன் பெண்டாட்டி தெக்பெர், "எட்டுக் கை இருக்கறதையெல்லாம் பிடிச்சுட்டு வர்றே, இருக்கிற ரெண்டு கையால ஒரு வாளி தண்ணி எடுத்துக் குளிக்க வலிக்குதா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போடீ, உன்னை விட்டுட்டேன்!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான்.

எங்கள் பக்கத்தில் கூடாரம் பெண்ணுடையது. பாய், பாத்திரம், பெட்டி, கெட்டில் எல்லாமே அவளுடையது. விடிந்து எழுந்தால் யெஸ்லெம் வெட்டவெளியில் கிடந்தான். தலைக்கடியிலிருந்த தலையணையைக்கூட அவள் உருவிக்கொண்டு போயிருந்தாள். அப்போதுதான் தான் சொன்ன வார்த்தையின் கனம் அவனுக்குப் புரிந்தது.

தெக்பெர் அதே ரயில் பாதையில், பாலைக்குள் ஷூம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த அப்பா வீட்டுக்குப் போனாள். அங்கே பெண்கள் மேளம் தட்டிக் குலவையிட்டு அவளை வரவேற்றார்கள். கல்யாணத்தைவிட விவாகரத்துக்குத்தான் எங்கள் ஊரில் குலவை கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். அப்படித் திரும்பி வந்த பெண்மேல் யாருக்காவது கண் இருந்தால், பழைய புருஷனின் வயிறு எரியும்படி தன் செலவில் ஒரு விருந்து போடுவான். தெக்பெருக்கு விருந்து போட்டவன் பெய்ரூக். கருவியைத் தரைமேல் ஆட்டிக்கொண்டே தங்கம் தேடுகிறவன், கொஞ்சம் கண்டும் எடுத்தவன். இரண்டு வண்டி வைத்திருக்கிறான். முழு ஒட்டகத்தை அறுத்தான் என்று சேதி நுவாதிபுவரை வந்தது. யெஸ்லெமின் வயிறு எரிந்ததா என்றால், நன்றாகவே எரிந்தது.

ஒருமுறை மட்டும் 'விட்டுட்டேன்' என்று சொல்லிவிட்ட பெண்ணை மூணு மாசத் தவணைக்குள் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நேரில் போய், நாலு பேர் கேட்க, "திரும்ப எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னால் போதும். தவணை தாண்டினால் புதுக் கல்யாணம், புதுச் சீர், அவள் அப்பனிடம் புதுச் சம்மதம். கடலில் நல்ல பருவம், தலையில் வீம்பு, இரண்டும் சேர்ந்து யெஸ்லெம் நாளைக் கடத்திவிட்டான். தவணை நாளை சாயங்காலத்தோடு முடிகிறது. தெக்பெர் இல்லாத வீட்டுக்கு இனி ஒருநாளும் திரும்ப முடியாது என்று தெரிந்துதான் ஓடி வந்து ஏணியைப் பிடித்தான்.

கொஞ்ச தூரம்வரை கடல்காற்று கூட வந்தது. அப்புறம் அது நின்றுபோய், அடுப்பு வாயைத் திறந்தது போல வெயில் இறங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளை மணல், நடுநடுவே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்த சக்கரங்கள், எப்போதோ செத்த கழுதை. இரும்புத் தரை கொதித்தது. மஹ்ஜூபா தன் தோல்பையிலிருந்து தண்ணீரைக் கடகடவென்று குடித்து ஏப்பம் விட்டாள். யெஸ்லெமின் கேன் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சிதாத்தியின் பக்கத்திலும் ஈரத்துணி சுற்றிய ஒரு கேன் இருந்தது. இரண்டையும் யாரும் தொடவில்லை.

"குடியேன் தம்பி."

யெஸ்லெம் கண்ணால் கிழவரைக் காட்டினான்.

"அவர் சுவத்தைத்தானே பார்க்கிறாரு."

"முழுங்குற சத்தம் கேக்கும் அக்கா" என்று கிசுகிசுத்தான்.

மஹ்ஜூபா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு மெத்தைகளை நிமிர்த்தித் தடுப்பு மாதிரி நிறுத்திப் பார்த்தாள். காற்று அவற்றைத் தள்ளிக் கிழவர் தலையில் போட்டது. மெத்தைக்கடியிலிருந்து, "யாரது?" என்று ஒரு குரலும் டக்கென்று ஒரு சத்தமும் வந்தன. சிதாத்தி நுவாதிபுவுக்கு வந்ததே பல் செட் கட்டிக்கொள்ளத்தான். புதுப் பல், இன்னும் ஈறில் படியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் டக், டக் என்று தாளம் போட்டது.

மெத்தையை இழுத்து நிமிர்ந்தபோதுதான் மஹ்ஜூபாவுக்கு அந்த யோசனை வந்தது. அதற்குள் யெஸ்லெமின் கதையைக் காதோடு காதாகத் துருவித் துருவிக் கேட்டு வாங்கியிருந்தாள். ஐந்து புருஷன்மாரைப் பார்த்தவள், சட்டம் அவளுக்குக் கரதலப் பாடம்.

"இருங்க, இருங்க. எனக்கு ஒரு சந்தேகம். தம்பி, நீ அவளை விட்டுட்டே. விட்டப்புறம் என்ன மாமனாரு, மருமகன்? அவர் யாரோ ஒரு கிழவரு, நீ யாரோ ஒரு மீன்காரன். ஆளுக்கு நாலு மடக்குக் குடிச்சிட்டு நிம்மதியா உட்காருங்களேன்!"

சிதாத்தியின் தலை முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பியது. யெஸ்லெமைப் பார்க்கவில்லை, மஹ்ஜூபாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ சொல்றது ரொம்ப நியாயம். டக். அந்த ஆள்கிட்ட சொல்லு. என் பொண்ணுக்கு அவன் ஒண்ணும் இல்லைன்னா, எனக்கும் ஒண்ணும் இல்லை. முகத்தைத் திறந்து தாராளமா குடிக்கட்டும், நானும் குடிக்கிறேன். ஊருக்குப் போய், 'மீன்காரன் என் முன்னாலேயே மடக் மடக்குன்னு குடிச்சான், அவன் எங்கிட்டு மருமகன்?'னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டுப் போறேன். கதை முடிஞ்சுது."

யெஸ்லெமுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் புரிந்துவிட்டது. இந்தக் கேனைத் திறந்தால் தெக்பெர் போனாள். திறக்காமல் உட்கார்ந்திருக்கும்வரை அவன் மருமகன்.

"அக்கா, பெரியவர்கிட்ட சொல்லு. எனக்குத் தாகமே இல்லை."

"எனக்கும் இல்லைன்னு சொல்லும்மா."

"எனக்கு இருக்கு" என்று மஹ்ஜூபா மறுபடியும் குடித்தாள். "பெரியவரே, அவன் குடிக்கலைன்னா உங்களுக்கென்ன? நீங்க குடிங்களேன்."

"அவன் குடிக்கலைன்னா மருமகன்னு அர்த்தம். மருமகன் முன்னால சிதாத்தி தண்ணி குடிச்சான்னு நாளைக்கு ஒட்டகம்கூடச் சிரிக்கும்."

"அப்போ அவன் மருமகன்னு ஒத்துக்கிறீங்க?"

"ஒத்துக்கலை!"

"அப்போ குடிங்க."

"குடிக்க மாட்டேன்!"

இப்படி வறட்டுக் கௌரவத்துக்குப் பிறந்த இரண்டு பேர் இரண்டு கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகத்தில் வெந்தார்கள். இப்படி ஒரு கூத்து எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. பக்கத்து நாட்டுக்காரன் எவனாவது கேட்டால் நான் இந்தக் கதையை மறுத்துவிடுவேன்.

மஹ்ஜூபா சும்மா இருக்கிற ஆளா? சின்ன கேஸ் அடுப்பை மெத்தை மறைவில் மூட்டித் தேநீர் போட்டாள். கெட்டிலை உயரத் தூக்கி, நுரை பொங்கப் பொங்கக் கிளாஸிலிருந்து கிளாஸுக்கு ஊற்றினாள். பெட்டி முழுக்கப் புதினா மணந்தது. முதல் கிளாஸை மாமனாரிடம் நீட்டினாள், தலையசைத்தார். மருமகனிடம் நீட்டினாள், கண்ணை மூடிக்கொண்டான். இரண்டையும் தானே குடித்தாள். இரண்டாம் கிளாஸும் அப்படியே. மூன்றாவதுக்கு அவர்களைக் கேட்கவே இல்லை.

சூரியன் உச்சிக்கு வந்ததும் நிழல் என்று இருந்த ஒரு முழமும் போய்விட்டது. யெஸ்லெமின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. கடலில் கிடந்த உடம்பு, தாங்கியது. சிதாத்தி முதலில் முதுகை நேராக வைத்திருந்தார். பிறகு முதுகு வளைந்தது. பிறகு யாரிடமோ பேச ஆரம்பித்தார்.

"ஏய், அந்தக் கிடேரியைக் கிணத்துப் பக்கம் ஓட்டு... கயிறு எங்கேடா..."

"யார்கிட்ட பேசறாரு?" என்றாள் மஹ்ஜூபா.

கிழவரின் கை கம்பளியிலிருந்து நழுவிக் கொதிக்கிற இரும்பில் விழுந்ததை யெஸ்லெம் பார்த்தான். அவர் கையை எடுக்கவில்லை. சுடுகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மஹ்ஜூபா தேநீர்க் கெட்டிலை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினாள். தலையை மடியில் தூக்கி வைத்துத் தோல்பையை வாயருகே கொண்டு போனாள். சிதாத்தி பல்லைக் கடித்துக்கொண்டார். புதுப் பல், கெட்டியான பல். "அவன்... அவன் இருக்கான்" என்று பல்லிடுக்கில் சொன்னார். தண்ணீர் தாடியில் வழிந்து தாதுப்பொடிக்குப் போனது.

"டேய்!" என்று மஹ்ஜூபா யெஸ்லெமைப் பார்த்துக் கத்தினாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "இவர் செத்தா அந்தப் பொண்ணு முன்னால எந்த மூஞ்சியோட போய் நிப்பே? 'உங்கப்பனைக் கொன்னுட்டேன், வா குடும்பம் நடத்தலாம்'னா?"

யெஸ்லெமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூணு மாசத்துக்கு முன்னால் வாயைக் கொடுத்து இழந்த பெண்ணை, இன்று வாயை மூடிக்கொண்டே பாதித் தூரம் திரும்பச் சம்பாதித்திருந்தான். சாயங்காலம் ரயில் ஷூமுக்குப் போய்விட்டால் போதும். சாயங்காலம் இன்னும் வரவில்லை. கிழவரோ போய்க்கொண்டிருந்தார். தெக்பெர் கோபித்துக்கொண்டாலும் சிரித்தாலும் "எங்கப்பா மாதிரி" என்றுதான் சொல்வாள். அது அவனுக்குத் தெரியும்.

எழுந்தான். முண்டாசை முழுக்க அவிழ்த்து எறிந்தான். வெறும் தலையும் வெறும் முகமுமாக மாமனாரின் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"பெரியவரே, இங்கே பாருங்க. என் முகத்தைப் பாருங்க. நான் உங்க மருமகன் இல்லை. விட்டது விட்டதுதான். யாரோ ஒரு மீன்காரன். பாருங்க, குடிக்கிறேன்."

கேனைத் திறந்து அவர் கண்ணெதிரே குடித்தான். அந்தத் தண்ணீர் அத்தனை இனித்தது. அது இனித்ததற்காகவே தன்மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது. வாயைத் துடைக்காமல் கேனை அவர் வாயருகே கொண்டுபோனான்.

சிதாத்தி அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தாடை தளர்ந்தது. குடித்தார். ஒட்டகம் குடிப்பது போலக் குடித்தார். குடித்த வேகத்தில் மேல்பல் கழன்று அகல வாய்க் கேனுக்குள் விழுந்தது.

"என் பல்லு!"

யெஸ்லெம் கையை உள்ளே விட்டு ஒரு துழாவில் எடுத்துவிட்டான். பானைக்குள் கை விட்டுப் பேய்க்கணவாயை இழுத்துப் பழகிய கை அது.

அவரைக் கம்பளியில் படுக்க வைத்து, முண்டாசை நனைத்து நெற்றியில் போட்டு, சுட்ட கையில் மஹ்ஜூபா கொடுத்த வெண்ணெயைத் தடவினான். வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் கிழவருக்குத் தெளிவு வந்தது. எழுந்து உட்கார்ந்தார். இனி ஒளிப்பதற்கு இருவருக்குமே ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

"அந்த எட்டுக்கால் பிராணியை யாருப்பா திங்கிறாங்க?" என்று கேட்டார். அவனிடமே கேட்டார், நேராக.

"ஜப்பான்காரங்க."

"ஏன், அவங்களுக்கு ஒட்டகம் கிடையாதா?"

"இல்லை."

"ஆடு?"

"ஏதோ கொஞ்சம் இருக்கும்."

"பாவம்" என்றார் சிதாத்தி, உண்மையாகவே வருத்தப்பட்டு. "சரி, அது பானைக்குள்ள தானா போகுதுன்னு சொல்றாங்களே, நிஜமா? அவ்வளவு முட்டாளா அது?"

"ரொம்பப் புத்திசாலி பெரியவரே. மூடி போட்டா திறந்துடும். ஆனா ஒண்டிக்கட்டை. காலியா ஒரு வீடு கிடைச்சா மட்டும் புத்தி போயிடும்."

சிதாத்தி சிரித்தார். மஹ்ஜூபாவும் சிரித்தாள். யெஸ்லெம் பையிலிருந்து சுட்ட மடவை மீனை எடுத்து, தயங்கித் தயங்கி நீட்டினான். அவர் வாழ்நாளில் மீனைத் தொட்டதில்லை. முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், புதுப் பல்லால் ஒரு கடி கடித்தார். டக். மறு கடி. பேசாமல் முழுவதையும் தின்றுவிட்டு முள்ளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

"ஒட்டகம் இல்லாத ஊர்ல பொழைச்சுக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயை மூடவே இல்லை. கிணறு வற்றின கதை, பேரீச்சை விளைந்த வருஷத்தில் ஊரே மரத்தடியில் கிடந்து தின்று வயிறு கெட்ட கதை, பெண் பார்க்கப் போன இடத்தில் தவறான கூடாரத்தில் நுழைந்த கதை. யெஸ்லெம் புயலில் படகு கவிழ்ந்ததைச் சொன்னான். தனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சொன்னான். கிழவருக்குச் சிரித்துச் சிரித்துப் பல் இரண்டுமுறை கழன்றது.

"நாலு வருஷமா உன் முதுகை மட்டும்தானே பார்த்திருக்கேன்" என்றார் ஒரு கட்டத்தில். "முதுகைப் பார்த்து ஒருத்தனை யாருக்காவது பிடிக்குமா? நீயே சொல்லு."

யெஸ்லெம் ஓரத்திலிருந்த மீன் முள்ளை எடுத்து வெளியே எறிந்தான்.

"பெய்ரூக் நல்ல பையன்தான். ரெண்டு வண்டி இருக்கு. ஆனா அவன் பேச ஆரம்பிச்சா எனக்குக் கண்ணைச் சொருகுது. மண்ணுக்கடியில என்ன இருக்குன்னு கண்டுபிடிப்பானாம், பக்கத்துல உட்கார்ந்தவன் தூங்கிட்டான்னு தெரியாது." சிதாத்தி பெருமூச்சு விட்டார். "நீ நல்லா பேசறே. உன்னோட பேசிக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. கெட்ட நேரத்துல தெரியவந்துச்சு."

யெஸ்லெம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் இந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. தெக்பெரின் நக்கல் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

வெயில் மஞ்சளாகிறபோது ரயில் ஷூமில் முனகிக்கொண்டு நின்றது. தகரக் கொட்டகைகள், டீசல் நாற்றம், அங்கங்கே ஆட்டு மந்தை. மஹ்ஜூபா மெத்தைகளை மேலிருந்து தள்ளினாள், ஆள் நிற்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. யெஸ்லெம் கிழவரை முதுகில் சுமந்து ஏணியில் இறங்கினான். கீழே பெய்ரூக்கின் புது வண்டி நின்றது. பின்தட்டில் இரண்டு ஆடுகள். வண்டிக்குப் பக்கத்தில் தெக்பெர், நீலச் சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

யெஸ்லெம் அவளைப் பார்த்துக்கொண்டே கிழவரைக் கீழே இறக்கினான். பெய்ரூக் முன்னால் வந்து மரியாதையாக நலம் விசாரித்தான். எங்கள் விசாரிப்பு லேசில் முடியாது. உடம்பு எப்படி, ஒட்டகங்கள் எப்படி, மழை எப்படி, வெயில் எப்படி, புதுப் பல் எப்படி. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, முண்டாசு இல்லாமல் தாதுத்தூள் அப்பி நின்ற யெஸ்லெமைப் பார்த்தான்.

"இவர் யாரு? துணைக்கு வந்த கூலி ஆளா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெக்பெருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பா என்ன சொல்வாரோ என்று அவளும் பார்த்தாள். யெஸ்லெம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'என் முன்னாலேயே குடிச்சான்' என்று அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சிதாத்தி அவன் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். ஆசையாகப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும், இனிமேல் பார்க்கக் கிடைக்காத ஒன்றைப் பார்ப்பது போல. பிறகு சட்டென்று முண்டாசைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"வெட்கங்கெட்டவன்!" என்று ஊர் கேட்கக் கத்தினார். "மாமனாரு நிக்கிற இடத்துல வெறுந்தலையோட நிக்கிறான் பாரு! மூடிக்கச் சொல்லுங்கடா யாராவது!"

யெஸ்லெமுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும் பைக்குள் கையை விட்டு எதையோ இழுத்துத் தலையில் சுற்றிக்கொண்டான். அது தெக்பெருக்கு வாங்கி வந்த பூப்போட்ட துணி.

பெய்ரூக்கின் முகம் சுருங்கியது. மஹ்ஜூபாவிடம் திரும்பினான். "ஏக்கா, ஒரே பெட்டியிலதானே வந்தீங்க? இவர் உதடெல்லாம் ஈரமா இருக்கே. மாமனாரு முன்னாலேயா குடிச்சாரு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மஹ்ஜூபா, மெத்தைமேல் உட்கார்ந்து. "காலையிலேர்ந்து நல்ல தூக்கம். மெத்தை வேணுமா தம்பி? உனக்கு ஒத்தை மெத்தை போதும்னு நினைக்கிறேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் தெக்பெர் நேராக யெஸ்லெமிடம் வந்து நின்றாள். வெடித்த உதட்டைப் பார்த்தாள். தலையில் இருந்த பூத்துணியைப் பார்த்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவள் அப்பாவின் மகள், நடந்ததை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எதுக்கு வந்தே? விருந்து மிச்சம் இருக்கான்னு பார்க்கவா?"

"திரும்ப எடுத்துக்கிட்டேன்" என்றான் யெஸ்லெம். குரல் வரவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னான். "எல்லாரும் கேட்டுக்கங்க, திரும்ப எடுத்துக்கிட்டேன்!"

"கத்தாதே, ஆடு மிரளுது. நான் வருவேன்னு எவ சொன்னா? யோசிக்கணும். முதல்ல குளி." அவள் தன் தோல்பையைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "வண்டிக்குப் பின்னால போய்த் திரும்பி நின்னு குடி. எங்கப்பா இருக்காரு."

பெய்ரூக் என்ன செய்வான்? அழைக்க வந்துவிட்டான், ஏற்றாமல் போனால் நாடு காறித் துப்பும். கிழவரை முன்சீட்டில் உட்கார வைத்து வண்டியைக் கிளப்பினான். யெஸ்லெம் பின்தட்டில் ஆடுகளோடு ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் தெக்பெர் வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்னால் தூசி அதிகம் என்று சொல்லிப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். தூசி பின்னால்தான் அதிகம். அதை ஒருவரும் சொல்லவில்லை.

வண்டி மணலில் குதித்துக் குதித்துப் போயிற்று. முன்னால் பெய்ரூக் எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சிதாத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். திரும்பிப் பார்க்காமல், பாலைவனத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ பொண்ணே! பின்னால யாராவது விவரம் தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுச் சொல்லு, மீன் தூங்குமா?"

தெக்பெர் புருஷனைப் பார்த்தாள். யெஸ்லெம் ஆட்டின் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தூங்கும்னு சொல்லு. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கும்னு சொல்லு."

"தூங்குமாம்ப்பா!" என்று தெக்பெர் கத்தினாள். "நம்ம வீட்டு ஆம்பளைங்க யோசிக்கிற மாதிரிதான்!"

முன்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.